குடிமராமத்தும் மென்பொருள் வெளியீடும்

'வெளியீடு' என்ற சொல் தமிழ் பயின்றோருக்குப் புதிதன்று. நூல் வெளியீட்டு விழாவில் முதற்படியை ஒருவர் வழங்க, மற்றொருவர் பெற்றுக்கொள்வார். பொன்னாடை உண்டு, வாழ்த்துரை உண்டு. விழா முடிந்ததும் ஆசிரியரின் பணியும் பெரும்பாலும் முடிந்துவிடும். இதே சொல்லைக் கணினித் துறையினரும் வழங்குகின்றனர். ஆனால் அங்கே வெளியீடு என்பது முடிவன்று. ஒரு சுற்றின் கடைசி நாளும் அடுத்த சுற்றின் முதல் நாளும் அதுவே. இவ்வேறுபாட்டைத் தமிழுலகம் முழுமையாக உணராமையால், கட்டற்ற மென்பொருள்களில் கிடைத்த இடத்தை நாம் பெறுவதும் நழுவவிடுவதுமாக இருந்து வந்துள்ளோம். அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கட்டற்ற மென்பொருள் என்பது, அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவது. உரிமையாளர் ஒருவர் இல்லை. ஊதியம் பெறுவோரும் பெறாதோருமாக உலகெங்கும் சிதறிக் கிடக்கும் பலர் சேர்ந்து ஆக்குவது. அப்படியானால், 'இன்று இது போதும், வெளியிடலாம்' என்று சொல்பவர் யார்? எதை வைத்துச் சொல்கிறார்? இவ்விரு வினாக்களே வெளியீட்டு மேலாண்மையின் சாரம்.

அரங்கேற்றமும் பதிப்பும்

தமிழ் மரபில் இதற்கு ஒப்புமை இல்லாமல் இல்லை. திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சேர்ந்த எண்ணெயூரில் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தலபுராணங்கள் பலவற்றை இயற்றி அரங்கேற்றியவர். அரங்கேற்றம் ஒரு நாள் விழாவன்று. நாள்தோறும் சில பாடல்களாகப் படித்துப் பொருள் விரித்து, அவையோர் எழுப்பும் ஐயங்களுக்கு விடை சொல்லி, பல நாள்கள் நடைபெறும். நூல் உலகுக்குச் செல்லுமுன் அறிந்தோர் கண்ணில் பட்டுத் தேறவேண்டும் என்பதே அதன் நோக்கம். மென்பொருளார் சோதனை வெளியீடு என்று சொல்வதும் ஏறத்தாழ இதுதான்.

அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 1922-இல். புறநானூற்றின் முதற்பதிப்பு 1894-இலும் இரண்டாம் பதிப்பு 1923-இலும் வெளிவந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் கிடைத்த ஏடுகளும், தெளிந்த பாடங்களும் அடுத்த பதிப்பில் ஏறின. எல்லா ஏடுகளும் கிடைத்தபின்தான் அச்சிடுவேன் என்று ஐயர் காத்திருந்தால், நமக்கு எந்தப் பதிப்பும் கிட்டியிராது. குறையுடையதேனும் உரிய வேளையில் வெளியிடுவது, வெளியிட்டபின் விடாது திருத்துவது என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே பதிப்புநெறி. மென்பொருளுக்கும் அதுவே நெறி. வேறுபாடு கால அளவில்தான். ஐயருக்கு இரண்டு பதிப்புகளுக்கிடையே இருபது ஆண்டுகள் இருந்தன. இன்றைய இணைய உலாவி ஒன்றுக்குச் சில வாரங்களே உள்ளன.

எண் என்னும் வாக்குறுதி

ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை 1983-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்தார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் இயங்குதளக் கருவை 1991-ஆம் ஆண்டு செப்டம்பரில் 0.01 என்ற எண்ணோடு வெளியிட்டார். அது 1.0 என்ற எண்ணைப் பெற்றது 1994-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளும் எண் ஒன்றுக்குக் கீழேயே நின்றது. 'இது இன்னும் நிறைவுறவில்லை, நம்பி இறங்கிவிடாதீர்' என்ற எச்சரிக்கை அது. பின்னர் அக்கருவில் இரண்டாம் இடத்து எண் ஒற்றைப்படையானால் ஆய்வுக்குரியது, இரட்டைப்படையானால் பயன்பாட்டுக்குரியது என்ற வழக்கமும் பல ஆண்டுகள் நிலவியது.

எண் ஒரு வாக்குறுதி. வாக்குறுதி பிசகினால் என்ன நேரும் என்பதற்குக் கே.டி.இ. ஒரு சான்று. 1996-இல் ஜெர்மனியில் தொடங்கிய இம்மேசைத்தளத் திட்டம், 2008-ஆம் ஆண்டு சனவரி 11 அன்று 4.0 பதிப்பை வெளியிட்டது. அடித்தளம் அமைந்துவிட்டது, மேற்கட்டுமானம் இனிமேல்தான் என்ற கருத்தில் ஆக்கியோர் அவ்வெண்ணைச் சூட்டினர். பயனர்களோ வீடு கட்டி முடிந்தது என்று எண்ணிக் குடிபுகுந்தனர். ஒழுகும் கூரையைக் கண்டு சினந்தனர். நிரலில் இருந்த குறையைவிட, எண் சொன்ன பொருளுக்கும் உள்ளே இருந்த நிலைக்கும் இடையிலான தொலைவே கசப்பை வளர்த்தது.

நாள் குறிப்பதா, நிறைவைப் பார்ப்பதா

வெளியீட்டு முறைகள் இருவகை. ஒன்று, நிறைவுற்றபின் வெளியிடுவது. மற்றொன்று, நாள் குறித்துவிட்டு அதற்குள் நிறைவுற்றதை மட்டும் வெளியிடுவது.

காவிரிக் கரையில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. டெல்டாப் பாசனத்துக்கு அதிலிருந்து நீர் திறக்க வழக்கமான நாள் சூன் 12. அந்நாளை நம்பித்தான் உழவர் நாற்றங்காலுக்கு விதை கணக்கிடுகிறார். ஆனால் 120 அடி அணையில் நீர் வேண்டுமே! 2024-இல் இருப்பு போதாமையால் சூலை 28 அன்றுதான் திறந்தனர். 2022-இல் நீர் மிகுந்திருந்ததால் மே 24 அன்றே திறந்தனர். குறித்த நாளும் அணையின் இருப்பும் ஒன்றோடொன்று வழக்காடிக்கொண்டே இருக்கின்றன.

மென்பொருளிலும் அதே வழக்கு உண்டு. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் நிறைவையே பார்த்தது. அதன் 3.0 பதிப்பு 2002-ஆம் ஆண்டு சூலை 19 அன்று வந்தது, அடுத்த 3.1 பதிப்பு 2005-ஆம் ஆண்டு சூன் 6 அன்று. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! தரம் இருந்தது, ஆனால் காத்திருந்தோர் களைத்துப் போயினர். டெபியனையே மூலமாகக் கொண்டு 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் தோன்றிய உபுண்டு, ஆறு மாதத்திற்கு ஒருமுறை என நாள் குறித்தது. அந்த உபுண்டுவும் 2006-ஆம் ஆண்டு ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை ஆறு வாரம் ஒத்திவைத்துச் சூன் முதல் நாள் வெளியிட்டது. நெடுங்காலப் பயன்பாட்டுக்குரிய பதிப்பாதலால் இன்னும் செப்பம் வேண்டும் என்பதே காரணம். டெபியன் தன் பங்குக்கு 2009-இல், புதியன சேர்ப்பதை நிறுத்தும் நாளை மட்டும் முன்கூட்டியே குறிப்பது, வெளியீட்டு நாளை நிறைவுக்கு விட்டுவிடுவது என்ற நடுவழிக்கு வந்தது.

உறைவு

புதியன சேர்ப்பதை நிறுத்தும் அந்நாளை 'உறைவு' எனலாம். முதலில் வசதிகளின் உறைவு: இதற்குமேல் புதிய வசதி எதுவும் சேராது. அடுத்துச் சொல்லுறைவு: திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்றொடர்களை இனி மாற்றலாகாது. அதன்பின் சோதனை வெளியீடுகள்; அவற்றில் வெளிப்படும் வழுக்களுள் எவை வெளியீட்டைத் தடுக்கத்தக்கவை, எவை பொறுக்கத்தக்கவை என்ற தரம்பிரிப்பு; இறுதியில் நிரலைப் பொதியாகக் கட்டி, மின்கையொப்பமிட்டு, மாற்றங்களின் குறிப்போடு வெளியிடல். இவற்றையெல்லாம் நடத்துபவரே வெளியீட்டு மேலாளர். அவரிடம் படையில்லை, பணமில்லை. 'இது இச்சுற்றில் இல்லை. அடுத்த சுற்றில் பார்ப்போம்' என்று நல்ல நிரலையும் நண்பரின் நிரலையும் ஒருசேர மறுக்கும் உறுதி ஒன்றே அவர் அதிகாரம்.

இவற்றுள் தமிழின் தலைவிதியைத் தீர்மானிப்பது சொல்லுறைவு. காரணம் இது: மென்பொருளில் ஆங்கிலத் தொடர் ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழ்த் தொடரை எழுதிய கோப்பு ஒன்று இருக்கும். நிரலாளர் அந்த ஆங்கிலத் தொடரில் ஒரு சொல்லை, ஏன், ஒரு காற்புள்ளியை மாற்றினாலும், கோப்பைப் புதுப்பிக்கும் கருவி பழைய தமிழ்த் தொடரை ஐயத்துக்குரியது என்று குறித்துவிடும். அவ்வாறு குறிக்கப்பட்டது திரையில் தோன்றாது, ஆங்கிலமே தோன்றும். ஒருவர் சரிபார்த்து அக்குறியை நீக்கும்வரை அத்தமிழ் ஊமை. ஆகவேதான் மொழிபெயர்ப்பாளர்க்கு மூச்சுவிட இடம் கொடுக்கச் சொல்லுறைவு ஏற்பட்டது. க்னோம் திட்டத்தில், உறைவுக்குப்பின் ஒரு தொடரை மாற்ற விரும்பும் நிரலாளர் மொழிபெயர்ப்புக் குழுவின் இசைவைப் பெறவேண்டும். நிரலாளரை மொழிபெயர்ப்பாளர் தடுத்து நிறுத்தும் அரிய இடம் அது.

தமிழ் நுழைந்த வழி

தமிழ் இக்களத்திற்கு வந்தபோது அதன் கையில் ஒரே எழுத்துக்குறியீடு இருக்கவில்லை. ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டு முதலே தமிழுக்கு இடம் இருந்தும், அதைத் திரையில் சரியாகக் காட்டும் ஆற்றல் பெரும்பாலான கணினிகளுக்கு அப்போது இல்லை. இணையத்தமிழர் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி ஒருபுறம். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு முன்வைத்த டாம், டாப் குறியீடுகள் மறுபுறம். இச்சூழலில்தான் தமிழ் லினக்ஸ் ஆர்வலர் இணையக் குழுமமாகத் திரண்டு கே.டி.இ., க்னோம் ஆகியவற்றைத் தமிழாக்கத் தொடங்கினர். கே.டி.இ.க்கு அடித்தளமான கியூட்டி நிரலகத்தின் மூன்றாம் வரிசையில் திஸ்கிக்கென்றே ஒரு குறிமாற்றி இடம்பெற்றது. தமிழ் ஆர்வலரின் கூடத்தில் உருவான ஒரு குறியீடு, ஐரோப்பிய நிறுவனமொன்றின் நிரலகத்துள் ஏறி உலகமெங்கும் வெளியானது என்பது சிறு செய்தியன்று.

க்னோம் திட்டம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சு, செப்டம்பர் மாதங்களையொட்டி வெளியிடும் வழக்கமுடையது. சொற்றொடர்களுள் நூற்றுக்கு எண்பதேனும் பெயர்க்கப்பட்ட மொழிகளையே ஆதரவு பெற்ற மொழிகள் என்று தன் வெளியீட்டுக் குறிப்பில் பட்டியலிட்டு வந்தது. அதன் இரண்டாம் வரிசையின் பிற்கால வெளியீடுகளில் தமிழ் அப்பட்டியலில் இடம்பெற்றதுண்டு. அதற்குப்பின்னே இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். பகலில் வேறு தொழில், இரவில் பல்லாயிரம் தொடர்கள்.

தொடர்களைப் பெயர்ப்பதோடு பணி முடியவில்லை. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒருவர் 'விலக்கு' என்பார், மற்றொருவர் 'ரத்து' என்பார், மூன்றாமவர் 'கைவிடு' என்பார். மூன்றும் தமிழே. ஆனால் ஒரே திரையின் மூன்று சாளரங்களில் மூன்றும் தோன்றினால் பயனர் திகைப்பார். உறைவு நாள் நெருங்குகையில் சொல்லாய்வை நிறுத்தி, 'இச்சுற்றுக்கு இதுவே' என்று முடிவுகட்ட ஒருவர் வேண்டும். வெளியீட்டு மேலாளர் நிரலுக்குச் செய்வதை, மொழிக்குழுவின் ஒருங்கிணைப்பாளர் சொல்லுக்குச் செய்யவேண்டியிருந்தது. நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபடுவதும் உண்டு. பயர்பாக்ஸ் உலாவியில் ஒரு காலத்தில் இலங்கைத் தமிழுக்கெனத் தனிப்பதிப்பே இருந்தது. இன்று அது இல்லை. பொதுவான தமிழ்ப்பதிப்பு ஒன்றே உள்ளது. இருக்கும் சிலரும் இரு கூறாய்ப் பிரிந்து உழைத்தால் இரண்டையும் பேணல் அரிது என்பதை விளக்க வேறு சான்று வேண்டா.

தலைமடையும் கடைமடையும்

மென்பொருளார் தம் பேச்சில் ஆற்றின் உவமையையே ஆள்கின்றனர். நிரல் பிறக்குமிடம் மேல்நீரோட்டம். அதை எடுத்துத் தொகுத்துப் பயனருக்குக் கொடுப்போர் கீழ்நீரோட்டம். க்னோம் வெளியிட்டதை டெபியன் எடுக்கும்; டெபியனை உபுண்டு எடுக்கும். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை மூலமாகக் கொண்டதே.

உய்யக்கொண்டான் கால்வாயை இங்கே நினைவுகூரலாம். முதலாம் இராசராசனின் விருதுப்பெயரைத் தாங்கிய இக்கால்வாய் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சிராப்பள்ளி நகருள் புகுந்து, நம் பாலக்கரையைக் கடந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. தலைமதகில் விடாத நீர் பாலக்கரைக்கு வாராது. விட்ட நீரும் வழியில் தூர் மண்டினால் வாழவந்தான்கோட்டையை எட்டாது.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கைக்குக் கட்டற்ற இயங்குதளம் இவ்வளவு பெரிய அளவில் சென்ற வாய்ப்பு முன்பு இருந்ததில்லை. ஆயினும் நம் வகுப்பறைகளில் நாம் கண்டவரை, அந்த இரண்டாம் கதவைத் திறந்து பார்த்த மாணவர் மிகச் சிலர். திறந்தோரும் தமிழ்த் திரையில் நிலைக்கவில்லை. பட்டியின் முதற்சொல் தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது பொருள் விளங்காத தமிழ் என்றிருந்தால் எந்த மாணவர்தாம் நிலைப்பார்? அவர்கள் ஆங்கிலத் திரைக்கே திரும்பினர். மேலே எங்கோ ஒரு சொல்லுறைவு நாள் தமிழுக்குக் காத்திராமல் கடந்துபோனதன் விளைவு, கீழே ஒரு கிராமத்து மாணவியின் மடியில் வந்து இறங்குகிறது. 'தமிழில் கணினி சரிப்படாது' என்ற முடிவுக்கு அவர் வந்தால், அவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

காத்திருக்கும் வெளியீடு ஒன்று

இதற்கு மாறான ஒரு தமிழ்த் திட்டம் வெற்றிகரமாக நடந்து வருவதையும் சொல்லவேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராக விளங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாக வழங்குகிறது. ஒருவர் தட்டெழுதுவார், மற்றொருவர் மெய்ப்புப் பார்ப்பார், பின்னரே வரிசை எண்ணிட்டு வெளியிடப்படும். வரிசையின் முதல் எண் திருக்குறளுக்கு. ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் உழைத்தோர் பெயர்கள் இருக்கும். முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் எவரும் எவர்க்கும் வழங்கலாம் என்ற இசைவும் இருக்கும். கட்டற்ற மென்பொருளின் உரிமக் கொள்கைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. திஸ்கியில் வெளியானவை பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டு மறுபடி வெளியிடப்பட்டன.

அங்கே நாள் நெருக்கடி இல்லை. ஒரு புராணம் இவ்வாண்டு வராவிடின் அடுத்த ஆண்டு வரட்டும், மூலம் மாறப்போவதில்லை. இறந்த புலவர் தம் பாட்டைத் திருத்துவதில்லை! மென்பொருளின் மூலமோ நாளும் மாறுகிறது. அது மாறும் வேகமும் கூடிவருகிறது. பயர்பாக்ஸ் 2011-இல் ஆறு வாரத்திற்கு ஒரு பதிப்பு என்ற முறைக்கு மாறியது. 2020-இல் அது நான்கு வாரமாகச் சுருங்கியது. உபுண்டு, மொழிப்பொதிகளைத் தனியே பிரித்து, வெளியீட்டுக்குப் பின்னும் புதுப்பிக்கும் வழியைக் கண்டது. இவை மொழிபெயர்ப்பாளர்க்கு ஒருவகையில் நன்மையே; இன்று தவறவிட்டது அடுத்த மாதம் ஏறும். ஆனால் அடுத்த மாதமும் ஒருவர் அங்கே இருக்கவேண்டும்.

என்ன செய்யலாம்

கோயிற்பணியில் இருவகை உண்டு. ஒன்று குடமுழுக்கு: ஊர் திரளும், பொருள் குவியும், கல்வெட்டில் பெயர் ஏறும். மற்றொன்று அன்றாடம் விளக்கேற்றல். தமிழாக்கப் பணியை நாம் முதல்வகையாகவே கருதி வந்துள்ளோம். ஆர்வலர் திரண்டு ஒரு பதிப்பை முழுமையாக்குவர், 'தமிழில் வந்துவிட்டது' என்று இதழ்களில் செய்தி வரும், கலைந்து செல்வர். அடுத்த இரண்டு மூன்று பதிப்புகளில் ஆங்கிலத் தொடர்கள் மாறமாற, தமிழ் மெல்ல மெல்ல ஊமையாகிவிடும். எவரும் அதை அழிக்கவில்லை; எவரும் அதைப் பேணவில்லை, அவ்வளவே.

வேண்டுவது குடிமராமத்து. நீர் வருமுன் ஊரார் கூடித் தத்தம் பங்குக் கால்வாயைத் தூர்வாரிக் கரை உயர்த்தும் மரபு அது. 1858-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டமே அதைக் கட்டாய உழைப்பாக எழுதிவைத்தது. 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குடிமராமத்தில் வீரம் இல்லை, விருது இல்லை. நாள் உண்டு, அளவு உண்டு, முறை உண்டு.

தமிழ்த்துறைகள் இதை மேற்கொள்ளத் தடையாக எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நிரலெழுதத் தெரியவேண்டியதில்லை. ஆங்கிலத் தொடரைப் புரிந்து, நல்ல தமிழில் சுருங்க எழுதத் தெரிந்தால் போதும். அதைத்தானே நாம் கற்பிக்கிறோம். ஒரு துறை ஒரே ஒரு மென்பொருளை ஏற்கட்டும். உலாவியோ, அலுவலகச் செயலியோ, ஏதேனும் ஒன்று. அதன் வெளியீட்டு அட்டவணையைத் துறைச்சுவரில் ஒட்டட்டும். சொல்லுறைவு நாளுக்கு இரு வாரம் முன்பு, ஐயத்துக்குரியனவாகக் குறிக்கப்பட்ட தொடர்களை மாணவர்க்கு ஆளுக்கு இருபது எனப் பகிர்ந்து கொடுக்கட்டும். ஒருவர் பெயர்த்ததை மற்றொருவர் மெய்ப்புப் பார்க்கட்டும். சொல் வேறுபாடு எழுந்தால் ஆசிரியர் முடிவுகட்டட்டும். விவாதத்தை வெளியீட்டுக்குப்பின் வைத்துக்கொள்ளலாம். மாணவர் ஆண்டுதோறும் மாறுவர், துறை இருக்கும். தனியொருவர் களைத்துப்போனால் மொழியே பட்டியலிலிருந்து விழும் இடர் அதனால் நீங்கும்.

உலகின் எந்த வெளியீட்டு மேலாளரும் தமிழை வெறுப்பவர் அல்லர். தமிழுக்காகக் காத்திருப்பவரும் அல்லர். அவர் முன் ஓர் அட்டவணை இருக்கிறது. குறித்த நாளில் மதகு திறக்கும். அதற்குள் நம் பங்குக் கால்வாயை நாம் வாரியிருந்தால் நீர் கடைமடைக்கு வரும்.